முட்டுக்கட்டையை எடுத்தால் தேர் ஓடிவிடுமா? இம்யூனோதெரபியில் செல்களின் கூட்டுவேலை

ஆய்வகக் கிண்ணத்தில் தனியாக வளரும் புற்றுநோய் செல்கள்மீது பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஊற்றினால் ஒன்றுமே ஆகாது. செல்கள் தம்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். அதே மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் வீதம், அரை மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றினால், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்றுநோய்கூடச் சிலருக்குக் கரைகிறது. மருந்துக்குக் கொல்லத் தெரியாது. கொல்லத் தெரிந்த செல்கள் நோயாளியின் உடம்பிலேயே இருக்கின்றன. அவற்றைத் தடுத்து வைத்திருந்த ஒன்றை மருந்து விலக்குகிறது, அவ்வளவுதான்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கிடந்தால் எத்தனை பேர் இழுத்தாலும் தேர் நகராது. கட்டையை எடுத்தால் நகரும்; ஆனால் வடம் பிடிக்க ஆள் இருக்க வேண்டும். நோயெதிர்ப்புச் செல்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இந்த இம்யூனோதெரபி பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கட்டையைப் பற்றியும், முன்வரிசையில் இழுக்கும் 'கொல்லும் டி செல்' என்ற வெள்ளை அணுவைப் பற்றியும்தான் பேசுகிறோம். மருந்து ஏன் ஒருவருக்கு வேலை செய்கிறது, அடுத்தவருக்கு ஏன் செய்வதில்லை என்று கேட்டால், விடை பல சமயம் பின்வரிசையில் இருக்கிறது.

இரண்டு கட்டைகள்

டி செல்லின் மேல்பரப்பில் அதை அடக்குவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சிடிஎல்ஏ-4. அது டி செல்லுக்குப் பயிற்சி கிடைக்கும் இடமான நிணநீர்க் கணுவில், தொடக்கத்திலேயே குறுக்கே நிற்கும். மற்றது பிடி-1. ஏற்கெனவே களத்தில் இறங்கிய டி செல்லைத் திசுவுக்குள் வைத்து அடக்குவது அது. பிடி-1 ஐ 1992 இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 ஐத் தடுத்தால் எலிகளில் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசனின் குழு 1996 இல் காட்டியது. இருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. சிடிஎல்ஏ-4 ஐத் தடுக்கும் இபிலிமுமாப் 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிடி-1 ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014 இல் வந்தன.

கட்டைகளை உடம்பு வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறது. அவை இல்லாவிட்டால் டி செல்கள் நம் குடலையும் தைராய்டையும் பதம் பார்த்துவிடும். புற்றுநோய் செய்வது, இருக்கிற கட்டையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் தந்திரம். பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல்பரப்பில் ஏற்றிக்கொண்டு, நெருங்கி வரும் டி செல்லின் பிடி-1 ஐ அழுத்துகிறது.

செய்தி கொண்டுபோகும் செல்

கொல்லும் டி செல்லுக்கு ஒரு பெரிய குறை உண்டு. யாராவது அடையாளம் காட்டாமல் அதற்கு எதிரியைத் தெரியாது. ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் பிடிக்கும்படி பிறக்கிறது. புற்றுநோய்ப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பிடிக்கக்கூடிய புது டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். உடம்பில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள். அந்த ஒற்றைச் செல்லும் அதற்குரிய துண்டும் ஒரே கணுவில் சந்தித்தாக வேண்டும்.

அந்தச் சந்திப்பை நடத்திவைப்பது டென்ட்ரிடிக் செல். கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் செல்லை 1973 இல் ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் இருவரும் விவரித்தார்கள். ஸ்டைன்மனுக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, தன்னுடைய டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டே தயாரித்த தடுப்பூசியைத் தானே போட்டுக்கொண்டார். 2011 இல் நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

டென்ட்ரிடிக் செல்களில் பல வகை உண்டு. புற்றுநோய்க்கு முக்கியமானது டிசி1 என்ற வகை. இரத்தத்தில் தேடினால் ஆயிரம் வெள்ளை அணுக்களில் ஒன்றுகூடத் தேறாது, அவ்வளவு அரிது. அது செய்யும் வேலையோ வேறு வகைகள் அத்தனை திறமாகச் செய்யாத வேலை. செத்த புற்றுநோய் செல்லின் சிதறலை விழுங்கி, அதன் புரதத்தை 8 முதல் 10 அமினோ அமில நீளத் துண்டுகளாக நறுக்கி, எம்எச்சி-1 என்ற தாங்கியில் வைத்து மேல்பரப்பில் காட்டுகிறது. பொதுவாக எம்எச்சி-1 இல் ஒரு செல் தனக்குள் தயாரான புரதத்தைத்தான் காட்டும். வெளியிலிருந்து விழுங்கியதையும் அதே தாங்கியில் வைத்துக் காட்டத் தெரிந்ததுதான் டிசி1 இன் தனித்திறமை. கொல்லும் டி செல், அதாவது சிடி8 டி செல், எம்எச்சி-1 ஐ மட்டுமே படிக்கும் என்பதால் இந்தத் திறமை இல்லாமல் கதை தொடங்குவதே இல்லை.

துண்டைக் காட்டினால் மட்டும் போதாது. டி செல் முழுதாக விழித்தெழ மூன்று சைகைகள் வேண்டும். முதலாவது, துண்டு. இரண்டாவது, டென்ட்ரிடிக் செல்லின் பி7 புரதம் டி செல்லின் சிடி28 ஐத் தொடுவது. மூன்றாவது, ஐஎல்-12 போன்ற சுரப்பு. இரண்டாவது சைகை இல்லாமல் முதலாவது மட்டும் கிடைத்தால் டி செல் விழிப்பதற்குப் பதில் மரத்துப்போகும். சிடிஎல்ஏ-4 தடுக்கும் இடமும் இதுதான். அது பி7 ஐ சிடி28 ஐவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் இரண்டாவது சைகை டி செல்லுக்கு எட்டாமல் போகிறது. இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 இன் கையைக் கட்டிவிட்டு, பி7 ஐ சிடி28 க்கு விட்டுக்கொடுக்க வைக்கிறது.

டிசி1 ஐக் கட்டிக்குள் அழைப்பது யார்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது: என்கே செல். தமிழில் இதை 'இயற்கைக் கொலையாளி செல்' என்பார்கள். கட்டிக்குள் நுழைந்த என்கே செல்கள் எக்ஸ்சிஎல்1, சிசிஎல்5 என்ற இரு சுரப்புகளை விடுகின்றன. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு டிசி1 வந்து சேர்கிறது. வந்த டிசி1 உயிரோடு நிலைக்கத் தேவையான எஃப்எல்டி3எல் என்ற ஊட்டமும் என்கே செல்லிடமிருந்து வருகிறது. எலிகளிலும் மனிதக் கட்டிகளிலும் இதைக் காட்டிய ஆய்வுகள் 2018 இல் வெளியாயின. என்கே செல்களை ஊமையாக்கும் கட்டி, டிசி1 வருவதையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

என்கே செல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எம்எச்சி-1 தாங்கி இல்லாத செல்லைப் பார்த்தால் அது சந்தேகப்படும். டி செல்லின் பார்வைக்குத் தப்ப எம்எச்சி-1 ஐத் தொலைக்கும் கட்டி, என்கே செல்லின் கண்ணில் விழும். 'இருக்க வேண்டியது இல்லை' என்பதையே அடையாளமாகக் கொள்ளும் இந்த முறையை ஸ்வீடனின் கிளாஸ் கார்ரெ 1980களில் முன்வைத்தார். ஒருவரின் ஓட்டையை மற்றவர் அடைக்கும் ஏற்பாடு இது.

உதவி டி செல்

பெயரிலேயே 'உதவி' என்று இருப்பதால் சிடி4 டி செல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் சிடி8 செல்லின் தரத்தைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் பெரிய கை.

சிடி4 செல் படிப்பது எம்எச்சி-2 தாங்கியை. அதுவும் டென்ட்ரிடிக் செல்லின் மேல்தான் இருக்கிறது. தனக்குரிய துண்டைக் கண்டதும் சிடி4 செல் தன் சிடி40எல் புரதத்தால் டென்ட்ரிடிக் செல்லின் சிடி40 ஐத் தொடுகிறது. தொட்டதும் டென்ட்ரிடிக் செல் மாறிவிடுகிறது: பி7 கூடுகிறது, ஐஎல்-12 சுரக்கிறது. துறைக்காரர்கள் இதை 'உரிமம் கொடுப்பது' என்பார்கள். உரிமம் பெற்ற டென்ட்ரிடிக் செல்லிடம் பயின்ற சிடி8 செல்கள் ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பெருகி, நினைவுச் செல்களாகவும் நிலைக்கின்றன. உரிமம் இல்லாத செல்லிடம் பயின்றவை ஓரளவு பெருகினாலும், எதிரியை இரண்டாம் முறை பார்க்கும்போது தளர்ந்துபோகின்றன. சிடி8 செல்லை மட்டுமே எழுப்பும் துண்டுகளை வைத்துச் செய்த பழைய புற்றுநோய்த் தடுப்பூசிகள் பலவும் பலன் தராமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கூட்டுவேலையைப் பழைய சிகிச்சை ஒன்றிலும் பார்க்கலாம். சிறுநீர்ப்பையின் உட்பூச்சில் தோன்றும் புற்றுநோய்க்கு, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடும் முறை 1976 முதல் அறியப்பட்டது. வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். கிருமி சுவரில் ஒட்டிக்கொண்டதும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் முதலில் வருகின்றன, பிறகு மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள், பிறகு டி செல்களும் என்கே செல்களும். எலிகளில் சிடி4, சிடி8, என்கே ஆகியவற்றில் எந்த ஒன்றை நீக்கிப் பார்த்தபோதும் பலன் போய்விட்டது. சென்னை கிண்டியில் 1948 இல் தொடங்கிய ஆய்வகம் குழந்தைகளுக்காகத் தயாரித்துவந்ததும் இதே பிசிஜி வகையறாதான்.

மருந்து ஏறிய பிறகு கட்டிக்குள் நடப்பது

இப்போது பிடி-1 மருந்து ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிக்குள் இருக்கும் சிடி8 செல்கள் எல்லாம் எழுந்து பாயும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல காலம் எதிரியோடு மல்லுக்கட்டிய செல்கள் களைத்துப்போய், அவற்றில் பெரும்பாலானவை திரும்ப முடியாத நிலைக்கு வந்துவிடுகின்றன. அவற்றின்மேல் இருக்கும் பிடி-1 ஐ விலக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. மருந்துக்கு உண்மையில் பதில் சொல்பவை டிசிஎஃப்-1 என்ற புரதம் உள்ள, இன்னும் இளமை மாறாத ஒரு சிறு கூட்டம். விதைநெல் மாதிரி. அவை பெருகிப் புதிய கொல்லும் செல்களை உண்டாக்குகின்றன. 2016 இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் குழு, நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் இதைக் காட்டியது. இந்த விதைநெல் குவிந்திருக்கும் இடங்கள் நிணநீர்க் கணுக்களும், கட்டிக்குள் டென்ட்ரிடிக் செல்கள் சூழ்ந்த சிறு மூலைகளும்.

எழுந்த டி செல் காமா இன்டர்ஃபெரான் என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கிறது. டிசி1 அதை உணர்ந்து ஐஎல்-12 சுரக்கிறது. ஐஎல்-12 கிடைத்த டி செல் இன்னும் வேகமாகக் கொல்கிறது, இன்னும் காமா இன்டர்ஃபெரான் விடுகிறது. எலிகளில் ஐஎல்-12 ஐத் தடுத்தபோது பிடி-1 மருந்தின் பலனும் நின்றுவிட்டது. டி செல்லுக்கென்று கொடுத்த மருந்து, டென்ட்ரிடிக் செல் வழியாகச் சுற்றி வந்துதான் வேலையை முடிக்கிறது. அதே டிசி1 சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற சுரப்புகளால் இரத்தத்தில் ஓடும் மற்ற டி செல்களையும் கட்டிக்குள் அழைக்கிறது. கொல்லும் செயல் எளியது: டி செல் பெர்ஃபோரினால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே தள்ளுகிறது.

காமா இன்டர்ஃபெரானுக்கு இரட்டை முகம் உண்டு. அது புற்றுநோய் செல்லில் எம்எச்சி-1 ஐக் கூட்டி அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதே சமயம் பிடி-எல்1 ஐயும் கூட்டுகிறது. சண்டை நடக்கும் இடத்தில்தான் கட்டையும் விழும். அதனால் பிடி-எல்1 அதிகமுள்ள கட்டி என்று பயாப்ஸி சொன்னால் அது பல சமயம் நல்ல செய்தி. அங்கே டி செல்கள் ஏற்கெனவே வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் பி செல்களின் கதை தாமதமாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கட்டியின் ஓரத்தில் பி செல், டி செல், டென்ட்ரிடிக் செல் எல்லாம் கூடி, சிறு நிணநீர்க் கணு போலவே ஓர் அமைப்பைக் கட்டிக்கொள்வதுண்டு. மெலனோமா, சார்க்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய்) போன்றவற்றில் இத்தகைய அமைப்பு உள்ளவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று 2020 ஜனவரியில் ஒரே சமயத்தில் மூன்று ஆய்வுகள் வந்தன.

எதிர்ப்பக்கம் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் சிடிஎல்ஏ-4 ஐ எப்போதும் ஏந்தி நின்று, மற்ற டி செல்களுக்குப் போக வேண்டிய ஐஎல்-2 என்ற வளர்ச்சிச் சுரப்பையும் உறிஞ்சிவிடுகின்றன. கட்டி பழக்கி வைத்துக்கொண்ட மேக்ரோஃபேஜ்கள் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து டி செல்களைப் பட்டினி போடுகின்றன. அவற்றில் சில, டி செல்லின்மேல் ஒட்டிய மருந்தையே பிடுங்கிக்கொள்வதையும் எலிகளில் நேராகப் படம்பிடித்திருக்கிறார்கள்.

எங்கே அறுபடுகிறது?

இந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டால், மருந்து தோற்கும் விதங்களைப் புரிந்துகொள்வது கடினமில்லை. சில கட்டிகளில் டி செல்லே இருக்காது. சில மெலனோமா கட்டிகள் பீட்டா-கேட்டனின் என்ற பாதையை முடுக்கிவிட்டு, டிசி1 ஐ அழைக்கும் சுரப்பை நிறுத்திவிடுகின்றன. அங்கே பிடி-1 மருந்து, ஆளில்லாத தேரின் கட்டையை எடுப்பது போலத்தான். வேறு சிலவற்றில் டி செல்கள் வந்தும் உள்ளே நுழைய முடியாமல் நார்ச்சுவருக்கு வெளியே நிற்கும். இன்னும் சில கட்டிகள் மருந்துக்கு நன்றாகக் கரைந்துவிட்டு, பிறகு திரும்பி வரும். 2016 இல் இப்படித் திரும்பிய மெலனோமாக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒரு கட்டியில், எம்எச்சி-1 ஐ நிற்கவைக்கும் பி2எம் மரபணு பழுதாகியிருந்தது. காமா இன்டர்ஃபெரானை உணரத் தேவையான ஜேஏகே1, ஜேஏகே2 மரபணுக்கள் வேறு இரண்டில் பழுதாகியிருந்தன.

அடையாளத் துண்டுகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். வெயிலால் மரபணு சிதைந்த மெலனோமாவிலும், மரபணுப் பிழையைத் திருத்தும் திறன் இழந்த கட்டிகளிலும் புதுப்புதுத் துண்டுகள் ஏராளம். அதனால்தான் 2017 இல், பிழை திருத்தும் திறன் இழந்த கட்டி உடம்பின் எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று அமெரிக்க அனுமதி வந்தது. உறுப்பைப் பார்க்காமல் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கிடைத்த முதல் அனுமதி அது.

இரண்டு கட்டைகளையும் சேர்த்து எடுத்தால்? பரவிய மெலனோமாவில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இரண்டும் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது.

மருந்தை எப்போது கொடுப்பது என்பதிலும் இந்தச் சங்கிலிக்கு இடமுண்டு. கட்டியை அறுத்து எடுத்த பிறகு மருந்து கொடுத்தால், டென்ட்ரிடிக் செல்லுக்குக் காட்டச் சரக்கு குறைவு. பக்கத்து நிணநீர்க் கணுவும் சில சமயம் போயிருக்கும். அறுவைக்கு முன்பே கொடுத்தால் கட்டியே பாடப்புத்தகம் ஆகிறது. கணுவரை பரவிய மெலனோமாவில், அறுவைக்கு முன் இரண்டு வேளை இபிலிமுமாப்-நிவோலுமாப் கூட்டுமருந்து கொடுத்துப் பார்த்த நடினா என்ற சோதனையின் முடிவு 2024 இல் வந்தது. ஓராண்டில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 83.7 சதவீதம், முதலில் அறுத்து, பிறகு நிவோலுமாப் கொடுத்த குழுவில் 57.2 சதவீதம்.

அளவு விஷயத்தில் நம் நாட்டுக்குப் பயன்படும் ஒரு சேதி உண்டு. பிடி-1 ஒரு பூட்டு. எல்லாப் பூட்டிலும் சாவி ஏறிவிட்டால் மேலும் சாவி கொட்டுவதில் பயனில்லை. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில், முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாபை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான ஒரு வேளை அளவு 240 மில்லிகிராம். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதம், மருந்தும் சேர்ந்தபோது 43.4 சதவீதம். 2022 இல் இது வெளியானது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே அளவு போதும் என்று இதை நீட்டிப் படிக்கக் கூடாது. ஆனால் பல லட்ச ரூபாய் இல்லை என்பதற்காகக் கதவே மூடிவிட்டது என்றும் நினைக்க வேண்டியதில்லை.

கட்டை இல்லாத தேர்

கட்டையை எடுத்த தேர் வீட்டுத் திண்ணையிலும் மோதலாம். டி செல்கள் குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு, நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும், தைராய்டைத் தாக்கினால் ஆரம்பத்தில் படபடப்பு, பிறகு நிரந்தரச் சோர்வு. இதயத் தசையைத் தாக்குவது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. நடுத்தரத் தாக்குதலென்றால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். கடுமையானதென்றால் உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1 முதல் 2 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, 4 முதல் 6 வாரத்தில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அவசரப்பட்டுக் குறைத்தால் திரும்ப வரும். குடல் அழற்சி மூன்று நாளில் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். கல்லீரல் பாதிப்புக்கு மட்டும் அதைத் தவிர்ப்பார்கள்.

ஸ்டீராய்டு டி செல்லையும் அடக்கும் என்பதால், சிகிச்சை தொடங்கும் நாளிலேயே தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருந்தின் பலன் குறைவாக இருந்திருக்கிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வேறு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். பக்கவிளைவு வந்த பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு விஷயம். அதற்குப் பயந்து மறுக்கக் கூடாது.

முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால் அதுவும் எப்போதும் தோல்வி ஆகாது. உள்ளே நுழைந்த நோயெதிர்ப்புச் செல்களே கட்டியை வீங்கவைத்திருக்கலாம். நோயாளி நன்றாக இருந்தால் 4 முதல் 8 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் இது மிகச் சிலருக்கே நடப்பது. எடை குறைந்து, வலி கூடிக்கொண்டே போகிறவருக்கு இந்த நம்பிக்கையைக் கொடுத்து நாள் கடத்தக் கூடாது.

டி செல்லை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, நேரே திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சையில் டென்ட்ரிடிக் செல்லின் தயவு தேவையில்லை. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அங்கும் மற்ற செல்கள் சும்மா இருப்பதில்லை. கார்-டி செல்கள் கொல்லத் தொடங்கியதும் மேக்ரோஃபேஜ்கள் கிளர்ந்து ஐஎல்-6 ஐக் கொட்டுகின்றன. கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் வருவது பெரிதும் அதனால்தான். அதற்கு டோசிலிசுமாப் என்ற ஐஎல்-6 தடுப்பு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் செல்களை ஏற்றுவார்கள்.

பிடி-1 மருந்தின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், மூன்று வாரத்துக்கு மேல். டி செல்லின்மேல் அது இரண்டு மாதம் தாண்டியும் ஒட்டியிருக்கும். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்து வரும் வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போகூட அதன் வேலையாக இருக்கலாம். நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், 'கீமோ எடுத்தேன்' என்று சொல்லாமல் மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் எழுதிய ஒரு சீட்டை நீட்ட வேண்டும்.